வானம் தெளிந்தால் தரை குளிரும்: பனித்துளி, மூடுபனி, உறைபனி

தை மாத விடியற்காலையில் சென்னையின் ஏதாவது ஒரு தெருவில் நிறுத்தியிருக்கும் கார்களைப் பாருங்கள். வெட்டவெளியில் நிற்கும் காரின் கூரையிலும் கண்ணாடியிலும் தண்ணீர் வழியும். நாலடி தள்ளி வேப்பமரத்தடியில் நிற்கும் கார் காய்ந்து கிடக்கும். இரண்டையும் சுற்றியிருப்பது ஒரே காற்று, ஒரே ஈரம். பனி மேலேயிருந்து பெய்கிறது, மரம் குடை பிடித்துவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். மரம் ஒன்றைத் தடுத்தது உண்மைதான். அது தடுத்தது கீழிருந்து மேலே போன வெப்பத்தை.

பகலில் சூடேறிய எந்தப் பொருளும் இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே மேகம் இருந்தால் அது அந்தக் கதிர்களை வாங்கிக்கொண்டு, தன் பங்குக்குக் கொஞ்சம் கீழேயும் அனுப்பும். மரக்கிளை, கீற்றுப் பந்தல், போர்ட்டிகோ கூரை எல்லாம் செய்வது இதையேதான். மேலே தெளிந்த வானம் மட்டும் இருந்தால் செலவு அதிகம், வரவு குறைவு. காரின் மெல்லிய தகரக் கூரை சுற்றியுள்ள காற்றைவிடவே சில டிகிரி கீழே போய்விடும். பனித்துளி, மூடுபனி, உறைபனி மூன்றும் பெரும்பாலும் இந்த ஒரே வரவுசெலவிலிருந்து பிறப்பவை. அவை தரும் தொல்லைகளையும், அந்தத் தொல்லைகளுக்கு மக்கள் கண்டுபிடித்த கைவைத்தியங்களையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம், 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. சென்னையில் ஜனவரி மதியம் 29 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் இருப்பது சுமார் 17 கிராம் நீராவி. இரவில் 20 டிகிரிக்கு இறங்கியதும் அதே 17 கிராம் அதன் முழுக் கொள்ளளவாகிவிடுகிறது. அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் மிச்சமுள்ள ஈரம் வெளியே வந்தாக வேண்டும். இந்த 20 டிகிரிதான் அந்தக் காற்றின் பனிநிலை. குளிர்ந்த இலை மேல் வெளியேறினால் பனித்துளி. காற்றிலேயே தொங்கும் நுண்துளிகளாக வெளியேறினால் மூடுபனி. இலையின் வெப்பநிலை 0 டிகிரிக்கும் கீழே இருந்தால் உறைபனி.

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். கார்த்திகையிலும் மார்கழி முன்பாதியிலும் இரவு நீளம்தான், ஆனால் வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கும். ஜனவரியில் மழை ஓய்கிறது. மண்ணிலும் ஏரியிலும் நீர் நிறைந்திருக்க, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிகிறது, காற்றும் அடங்குகிறது. ஈரமும் தெளிவும் ஒன்றாகக் கிடைக்கும் இந்தச் சில வாரங்கள்தான் தமிழ்நாட்டுச் சமவெளியின் பனிக்காலம்.

பனித்துளி வானத்திலிருந்து விழுவதல்ல என்று சோதனை செய்து காட்டியவர் லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ். 1814-இல் அவர் தன் முடிவுகளை வெளியிட்டார். எடை பார்த்த கம்பளிப் பஞ்சுத் துணுக்குகளை ஒரு பலகையின் மேலும் அடியிலும் வைத்து, இரவு முழுவதும் வெளியில் விட்டு, காலையில் மறுபடி எடை பார்த்தார். வானத்தைப் பார்த்திருந்த துணுக்கு கனத்திருந்தது, அடியில் இருந்தது அவ்வளவாக நனையவில்லை. தெளிந்த இரவில் தரையோரப் புல் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதையும், மேகம் வந்ததும் அந்த வித்தியாசம் குறைவதையும் வெப்பமானி வைத்துக் கண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒன்று நம் நாட்டுடையது. ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பிய குறிப்பு அது. அலகாபாத் பக்கம் குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத குழி வெட்டி, கரும்புச் சக்கையும் தட்டையும் பரப்பி, அதன் மேல் சின்னச் சின்ன மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியும் முன் அவற்றில் பனிக்கட்டி படிந்திருக்கும், காற்று 0 டிகிரிக்கு இறங்காத நாட்களில்கூட. தட்டை மண்ணின் சூட்டைத் தடுக்கிறது, திறந்த தட்டு வானத்தைப் பார்த்து வெப்பத்தை இழக்கிறது. கோட்பாடு லண்டனில் எழுதப்படுவதற்கு முன்பே கங்கைக் கரையில் அதை வைத்து வியாபாரமே நடந்திருக்கிறது. சென்னையின் இரவுகளுக்கு அந்த யோகம் இல்லை. இங்கே அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்தது. அதைச் சேமிக்கக் கட்டியதுதான் மெரினாவுக்கு எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ்.

வெல்ஸின் கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. புல் நுனியிலும் நெல் இலையின் முனையிலும் வரிசையாக முத்து முத்தாக நிற்கும் துளிகள் பல சமயம் பனித்துளியே இல்லை. வேர் உறிஞ்சிய நீரை இரவில் செடி இலை முனை வழியாக வெளியே தள்ளுவதால் வருபவை. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் எய்ட்கன் 1885-இல் இதைச் சுட்டிக்காட்டினார். இலைப்பரப்பு முழுக்க மாவு தூவினாற்போல் படிந்திருக்கும் நுண்ணிய ஈரம்தான் உண்மையான பனித்துளி. ஓர் இரவில் அது சேர்க்கும் நீரும் கொஞ்சம்தான். மிக நல்ல இரவில்கூட ஒரு சதுர மீட்டருக்கு அரை லிட்டரைத் தாண்டுவது அபூர்வம். கரிசல் காட்டுக் கொண்டைக்கடலையும் கொத்துமல்லியும் பனியிலேயே விளைகின்றன என்று சொல்வார்கள். பனி கைகொடுக்கிறது, சரி. ஆனால் பெரும்பகுதியைக் கொடுப்பது மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும் அந்தக் கறுப்பு மண்தான்.

பயிருக்கு இடைஞ்சல் தருவது பனி சேர்க்கும் நீரின் அளவைவிட, இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பது. நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் இறங்க, ஈரம் பல மணி நேரம் தொடர்ந்து இருக்க வேண்டும். மழை பெய்து உடனே வெயில் அடித்தால் அதற்கு அவகாசம் கிடைக்காது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி மறுநாள் ஒன்பது மணி வரை காயாத பனி அந்த அவகாசத்தைத் தினமும் கொடுக்கிறது. சம்பா, தாளடிப் பயிரில் குலைநோய் தைப் பக்கம் தலைதூக்குவதற்கு இரவுக் குளிரோடு இதுவும் காரணம். மாம்பூவில் சாம்பல் நோய் வரும் பருவமும் இதுதான். மல்லிகையின் கதை வேறு. குளிரில் மொட்டு விடுவதே குறைந்து, வரத்து சுருங்கி, மதுரைச் சந்தையில் விலை எகிறும்.

டெல்டாவில் பனி இன்னொரு வகையில் காசைத் தின்கிறது. அறுவடை இயந்திரம் காலை ஆறு மணிக்கே வயலில் வந்து நின்றாலும், கதிரில் ஈரம் காயும்வரை இறங்க முடியாது. பாதி காலை போய்விடும். அறுத்து நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி வைத்த நெல்லும் இரவில் பனியை வாங்கிக்கொள்ளும். அரசு விதிப்படி நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதுவதும், டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லை அளந்து பார்ப்பதும் வாடிக்கையாகிவிட்டன. அதுவரை தார்ப்பாயைப் போர்த்துவதும், வெயில் வந்ததும் விரித்துக் கிளறுவதுமாக விவசாயி காத்திருக்கிறார். இங்கே தார்ப்பாய் செய்யும் வேலையில் ஒரு பாதி, வேப்பமரம் காருக்குச் செய்த அதே வேலை.

இனி மூடுபனி. பனித்துளி விழும் இரவு எப்போது மூடுபனி இரவாக மாறும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. காற்று அசையவே இல்லையென்றால் குளிர்ச்சி தரையோடு ஒட்டிய சில அங்குலத்துக்குள் நின்றுவிடும், பனித்துளியோடு கதை முடியும். பலமாக வீசினால் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்து எதுவுமே நடக்காது. இரண்டுக்கும் நடுவே, இலை மட்டும் லேசாக ஆடுகிற அளவுக்குக் காற்று இருந்தால், குளிர்ச்சி பத்து இருபது மீட்டர் உயரத்துக்குப் பரவி, அந்தக் காற்றுப் படலம் முழுவதும் பனிநிலையைத் தொடுகிறது. மதுராந்தகம் ஏரியை ஒட்டிய நெடுஞ்சாலையில் விடியற்காலையில் திடீரென்று வெள்ளைச் சுவரில் மோதியதுபோல் வண்டிகள் தடுமாறுவது இப்படித்தான். விடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: சூரியன் உதித்த முதல் அரைமணி, முக்கால்மணி நேரத்தில் மூடுபனி சில சமயம் இன்னும் அடர்த்தியாகும். இளவெயில் தரையிலுள்ள பனித்துளிகளை ஆவியாக்கி, காற்றைக் கொஞ்சம் கிளறியும் விடுகிறது.

பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைக் கணக்கில் அது மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே அடர்த்தி, 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்த்தி. இத்தனையும் செய்யும் நீர் எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு கன மீட்டர் மூடுபனியில் துளிகளாக இருப்பது பொதுவாக அரை கிராமுக்கும் குறைவு. அந்த அரை கிராம் கோடிக்கணக்கான நுண்துளிகளாக உடைந்திருப்பதால் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கிறது. முகப்பு விளக்கை ஹை பீமில் போட்டால் சிதறிய ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வருவதும் அதனால்தான். லோ பீம் போதும்.

துளி உருவாக ஒரு கருவும் வேண்டும். தூசு நீக்கி வடிகட்டிய காற்றைக் குளிர்வித்தால் மூடுபனி வருவதில்லை என்று காட்டியவரும் நாம் மேலே பார்த்த எய்ட்கன்தான். தூசு, உப்பு, புகைத்துகள் ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் நீராவி துளியாகும். துகள்கள் கூடக் கூட, அதே அளவு நீர் இன்னும் பல சிறிய துளிகளாகப் பிரியும். பார்வை இன்னும் மங்கும், துளிகள் கனத்து விழவும் தாமதமாகும்.

போகிப் பண்டிகை இதற்கு வேண்டிய அத்தனையையும் ஒரே விடியலில் சேர்த்து வைக்கிறது. ஜனவரி நடுவில் தெளிந்த வானம், ஈரமான தரை, அடங்கிய காற்று. தரையோரம் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான காற்றும் இருப்பதால், கீழேயுள்ள புகை மேலே ஏற வழியில்லை. சரியாக அந்த நேரத்தில் ஒரு மாநகரமே பாயையும் பழைய துணியையும் எரிக்கிறது. டயர் எரிக்கக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடாவருடம் கேட்டுக்கொண்டும் எரிப்பவர்கள் இருக்கிறார்கள். 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. இப்போதெல்லாம் போகிக் காலை விமானங்களின் நேரத்தை விமான நிறுவனங்கள் முன்கூட்டியே மாற்றுவது உண்டு. பண்டிகையை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. பழையதைக் கழிப்பது நல்ல வழக்கம், எரிக்கிற நேரம்தான் இருப்பதிலேயே மோசமான நேரம். அந்தக் காலையில் ஆஸ்துமாக்காரர்களைப் படுத்துவது மூடுபனியின் நீர்த்துளி அல்ல, அதோடு அடைபட்டிருக்கும் புகை. லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து அப்போதைய கணக்குப்படியே சுமார் 4000 பேரைக் கொன்றன. பிற்கால மதிப்பீடுகள் அதைவிடப் பல ஆயிரம் அதிகம்.

வட இந்தியாவில் இதன் அளவே வேறு. டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி முழுக்க, பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை கங்கைச் சமவெளி ஒரே வெள்ளைப் போர்வையாகச் செயற்கைக்கோள் படத்தில் தெரியும். கோதுமைக்குப் பாய்ச்சிய நீர், மேற்கிலிருந்து வரும் மழைமேகங்கள் விட்டுப்போன ஈரம், வண்டியும் சூளையும் அடுப்பும் விடும் புகை எல்லாம் சேர்கின்றன. மேலே படலம் தடித்துவிட்டால் பகல் வெயிலே தரையைத் தொடாது. தரை சூடேறாததால் மூடுபனி கலையாது, அது கலையாததால் தரை சூடேறாது. இப்படியே நாட்கணக்கில் போகும். டெல்லி விமான நிலையத்தில் பார்வை 50 மீட்டராகக் குறைந்தாலும் தகுதியுள்ள விமானமும் பயிற்சி பெற்ற விமானியும் தரையிறங்கும் அளவுக்குக் கருவிகள் உள்ளன. சாதாரணத் தரையிறக்கக் கருவிக்கு 550 மீட்டராவது தேவை. ரயிலில் ஓட்டுநர் சிக்னலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்தக் காலத்தில் சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தில் சிறு வெடிகளை வைத்து, சக்கரம் ஏறி வெடிக்கும் சத்தத்தால் எச்சரிப்பார்கள். இப்போது அடுத்த சிக்னல் வருவதை ஜிபிஎஸ் மூலம் சொல்லும் கருவி இஞ்சினில் இருக்கிறது. இருந்தும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். டெல்லியில் மூடுபனி என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்காக சென்னை சென்ட்ரலில் காத்திருக்கிறவர்களும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மின்கம்பிகளுக்கும் இதனால் தொல்லை உண்டு. கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரில் படிந்த தூசும் உப்பும் காய்ந்திருக்கும்வரை வம்பில்லை. மழை அவற்றைக் கழுவிவிடும். மூடுபனியோ கழுவாமல் நனைக்க மட்டும் செய்கிறது. நனைந்த அழுக்கு மின்சாரத்தைக் கடத்தி, பளிச்சென்று தீப்பொறி பாய்ந்து லைன் ட்ரிப் ஆகும்.

சரி, மலைக்குப் போவோம். ஊட்டியில் நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும், அப்புறம் உறைபனி. பிப்ரவரி வரைகூட நீளும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படங்கள் வந்ததும், 'ஊட்டியில் பனிப்பொழிவு, காஷ்மீராக மாறியது' என்று தலைப்பு போட்டுவிடுவார்கள். அது பனிப்பொழிவு அல்ல. வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. புல் 0 டிகிரிக்குக் கீழே போனதால், அதன் மேல் நீராவி நேரடியாகப் படிகமாகிறது, அல்லது ஏற்கனவே படிந்த பனித்துளி உறைகிறது. பனி பொழிய மேகம் வேண்டும். உறைபனிக்கு மேகம் இருக்கவே கூடாது.

வானிலை நிலையம் அன்று காலை 3 டிகிரி என்று சொல்லியிருக்கலாம். புல்லோ உறைந்து கிடக்கிறது. யார் சொல்வது சரி? இரண்டுமே சரி. வெப்பமானி தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கும் கூரை உண்டு, அது வானத்தைப் பார்ப்பதில்லை. தெளிந்த இரவில் புல்மட்டம் அதைவிட 3, 4 டிகிரி கீழே இருப்பது சாதாரணம். கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் வளர்வது பெட்டிக்குள் இல்லை. நாளிதழில் வரும் எண்ணைப் பார்த்து, இன்னும் 0 வரவில்லை என்று இருந்துவிட்டால் தோட்டம் போய்விடும்.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே பள்ளம் தேடி இறங்கித் தேங்கும். அதனால் சரிவின் நடுவிலிருக்கும் தோட்டம் தப்பிக்க, கீழே ஓடைக்கரையில் இருப்பது கருகும். நீலகிரியின் மேல்மட்டத்தில் சோலைக்காடு மடிப்புகளுக்குள் ஒடுங்கி, சுற்றிலும் புல்வெளி விரிந்திருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் உறைபனியும் ஒன்று. சோலை மரங்களின் கன்று தாய்மரங்களின் கூரைக்கடியில் தாங்கும். திறந்த புல்வெளியில் முளைத்தால் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதே கடினம். தீயும் மேய்ச்சலும் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்களுக்குள் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

உறைபனி தேயிலையை எப்படிக் கொல்கிறது? மேலே படியும் வெள்ளைப் படிகம் பெரிய குற்றவாளி இல்லை. இலைக்குள் செல்களுக்கு இடையே உள்ள நீர் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள்ளிருந்து நீரை உறிஞ்சி வெளியே இழுக்கிறது. செல் வற்றி, அதன் சவ்வு கிழிகிறது. காலையில் வெயில் பட்டதும் கொழுந்து பழுப்பாகி, ஓரிரு நாளில் கருகித் தொங்கும். காற்று மிகவும் வறண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நீராவி பனியாகப் படியும்போது வெளிவிடும் வெப்பம் குளிர்ச்சியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். வறண்ட இரவில் அந்த உதவியும் இல்லை. வெள்ளையே தெரியாமல், விடிந்து பார்த்தால் செடி கறுத்திருக்கும்.

நீர் 0 டிகிரியைத் தொட்டதுமே உறைந்துவிடும் என்றில்லை. தொடங்கிவைக்க ஒரு கரு வேண்டும். இலையில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா அந்தக் கருவாகி, -2 டிகிரியிலேயே உறைதலைத் தொடங்கிவிடுகிறது. அந்தக் குணத்தை நீக்கிய பாக்டீரியாவை 1987-இல் கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயலில் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய உயிரினத்தை அனுமதி பெற்றுத் திறந்த வெளியில் விட்ட முதல் சோதனை அது. எதிர்ப்பும் கிளம்பியது, சந்தைக்கும் வரவில்லை.

ஆக, பழைய வழிகள்தான் மிச்சம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மாலையானதும் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடுகிறார்கள். தேயிலைக்குக் காய்ந்த புல்லும் பெரணியும் போடுவதுண்டு. இவை செடிக்கு வெப்பம் தருவதில்லை, வானத்தை மறைக்கின்றன, அவ்வளவுதான். அதனால் மெல்லிய வலைகூடப் பயன்படும், ஆனால் சூரியன் மறைந்து மண்ணில் சூடு மிச்சமிருக்கும்போதே மூட வேண்டும். நள்ளிரவில் எழுந்து மூடுவதில் பாதிப் பலன்தான். முந்தின நாள் பகலில் மண்ணை நனைத்து வைப்பதும் உதவும். ஈரமண் பகல் சூட்டைக் கூடுதலாகச் சேமித்து இரவில் விடும்.

ஸ்பிரிங்ளர் வைத்துத் தண்ணீர் தெளிப்பவர்கள் நம்பியிருப்பது, ஒரு கிராம் நீர் உறையும்போது வெளிவரும் 80 கலோரி வெப்பத்தை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே ஒரு கிராம் ஆவியானால் இலையிலிருந்து எடுத்துக்கொள்வது சுமார் 600 கலோரி, அதாவது ஏழு மடங்குக்கும் மேல். தெளிப்பை நள்ளிரவுக்குப் பின் தொடங்கினால், வெயில் ஏறி பனிக்கட்டி தானாக உருகும்வரை நிறுத்தவே கூடாது. நடுவில் நின்றால் தெளிக்காமலே விட்டிருந்ததைவிட இலை அதிகம் குளிரும். விடியும்வரை மோட்டாருக்கு மின்சாரமும் கிணற்றில் தண்ணீரும் நிச்சயம் என்றால் மட்டும் இதில் இறங்கலாம், இல்லையென்றால் மிலார் செடியே மேல்.